நாலு மணிக்கு ஒன்றும் நடக்காது

கான்செப்ட் ஆல்பம் என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு விளக்குவது ரொம்ப சுலபம். நமக்குப் பாட்டு வந்து சேர்ந்ததே கதையோடுதான். படம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே கேசட் வந்துவிடும். ஐந்தாறு பாட்டைக் கேட்டுவிட்டு, இது அறிமுகப் பாட்டு, இது பிரிவு, இது இடைவேளைக்கு அப்புறம் என்று நாமாகவே ஒரு கதை கட்டிக்கொள்வோம். அந்தப் படம் கடைசி வரைக்கும் வராமலே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது பாட்டு மட்டும். கதை ஓடுவது கேட்பவன் மண்டைக்குள். அவ்வளவுதான் கான்செப்ட் ஆல்பம்.

ராக் இசையில் இது 1960களின் பிற்பாதியில் இங்கிலாந்தில் வேர் பிடித்தது. 1969-ல் 'தி ஹூ' குழு, கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் பேச்சும் வராமல் இருக்கும் ஒரு பையனின் கதையை இரண்டு இசைத்தட்டு நீளத்துக்குப் பாடியது. அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் இது ஒரு தொற்று வியாதி போலப் பரவியது. இருபது நிமிஷப் பாட்டு, அங்கி மாட்டிக்கொண்டு கீபோர்டு, புரியாத புராணம். 1976-77-ல் பங்க் என்ற கோபக்கார ராக்கோடு பையன்கள் வந்து கிதாரில் மூன்று கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) இரண்டரை நிமிஷமும் போதும் என்று சொல்லி எல்லாவற்றையும் கேலி செய்து தள்ளினார்கள். பிங்க் ஃபிளாய்ட் மாதிரி பெரிய கைகளுக்கு மட்டும்தான் அப்புறமும் கதை சொல்லும் சலுகை இருந்தது.

நான் சொல்ல வந்த ஆல்பம் வெளிவந்தது அதற்கெல்லாம் பிறகு, 1980-ல். ஊர், ஸ்பெயினின் வடக்குக் கரையில் இருக்கும் பாஸ்க் நாடு. குழுவின் பெயர் இத்தோய்ஸ். ஆல்பத்தின் பெயர் 'எசேக்கியேல்'. முன்னின்று செய்த ஹுவான் கார்லோஸ் பெரெஸுக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம்.

சென்னையில் காற்றாலைத் தொழிலில் இருப்பவர்களுக்கு பாஸ்க் நகரமான பில்பாவோ ஒன்றும் தூரத்து ஊர் இல்லை. பாஸ்க் நாட்டில் பிறந்த கம்பெனி ஒன்று இங்கே பெரிய அளவில் கடை விரித்ததிலிருந்து பயிற்சிக்கு, மீட்டிங்குக்கு என்று எங்களில் பலர் அங்கே போய் வந்திருக்கிறோம். அப்படிப் போன காலத்தில் கூட வேலை பார்த்த ஒருவர்தான் எனக்கு இந்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். கடலோரக் கிராமத்துக்காரர். டர்பைன் பிளேடில் விரிசல் எங்கே விழும் என்பதைப் பற்றி எவ்வளவு நிதானமாகப் பேசுவாரோ அதே நிதானத்தோடு, இந்த ஆல்பத்தின் எந்த இடத்தில் புல்லாங்குழல் உள்ளே வரும் என்பதைப் பற்றியும் பேசுவார். "இன்டர்நெட்டில் இத்தோய்ஸ் என்று தேடாதே, அணை வரும்" என்றும் எச்சரித்தார். உண்மைதான். ஸ்பெயினின் நவாராவில் அதே பெயரில் ஓர் ஊர் இருந்தது, அங்கே கட்டிய அணைக்கு எதிராகப் பல வருஷம் போராட்டம் நடந்தது. 1996-ல் கட்டுமானத்தின் கம்பி வடங்களையே அறுத்துவிட்டார்கள். குழுவின் பெயர் அதற்கெல்லாம் ரொம்ப முந்தியது.

முத்ரிக்கு, ஒந்தாரோவா என்று அடுத்தடுத்து இரண்டு மீன்பிடி ஊர்கள். முதலாவது கிபுஸ்கோவா மாகாணம், இரண்டாவது பிஸ்காயா மாகாணம். குழுவில் இருந்தவர்கள் இந்த இரண்டு ஊர்ப் பையன்கள். ஆரம்பத்தில் 'இந்தார் த்ராபெஸ்' என்ற பெயரில் ஊர்த் திருவிழாக்களில் ஆட்டத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அது ஒரு நல்ல பள்ளிக்கூடம். கூட்டம் ஆடாவிட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். அப்படி வாசித்துப் பழகியவர்கள் 1978-ல் இத்தோய்ஸ் என்ற பெயரில் முதல் ஆல்பம் போட்டார்கள். அதில் 'லாவ் தெய்லாத்து' என்று ஒரு பாட்டு. நாலு கூரை, நடுவில் நிலா, மேலே பார்த்துக்கொண்டிருக்கும் நீ, அவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு பாஸ்க் மொழி தெரிந்த யாரிடமும் முதல் வரியை எடுத்துக் கொடுங்கள், மிச்சத்தை அவர்கள் பாடிவிடுவார்கள். கல்யாணத்தில் பாடுகிறார்கள், பஸ்ஸில் பாடுகிறார்கள், குடித்துவிட்டு நள்ளிரவில் தோளில் கை போட்டுக்கொண்டு பாடுகிறார்கள்.

இப்படி ஒரு பாட்டு கையில் இருந்தால் சாதாரணமாக யாரும் என்ன செய்வார்கள்? அதே மாதிரி இன்னும் பத்து போடுவார்கள். இவர்கள் செய்யவில்லை. முதல் ஆல்பம் முடிந்ததும் குழு கலைந்து, ஆட்கள் மாறி, பெரெஸ் தன் தலைக்குள் இருந்த கதையை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் போனார். அதன் நாயகன் எசேக்கியேல். நமக்கு பைபிள் தீர்க்கதரிசியாகத் தெரிந்த பெயர். எலும்புகள் குவிந்த பள்ளத்தாக்கைக் கண்டவர், அந்த எலும்புகள் எழுந்து நின்றதையும் கண்டவர். ஆல்பத்தில் ஒரு பாட்டின் பெயரே 'எசேக்கியேலின் தீர்க்கதரிசனம்'. புல்லாங்குழல், வயலின், நைலான் தந்திக் கிதார், திடீரென்று மின்கிதார். ஜாஸ் வாடை கொஞ்சம். ஒரு மெட்டு போய், வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

உண்மையைச் சொன்னால் குறையில்லாத ஆல்பம் இல்லை. சில இடங்களில் இங்கிலாந்துக் குழுக்களின் நிழல் அப்பட்டமாகத் தெரியும். இரண்டு இடங்களில் கதையை மறந்துவிட்டு வாத்தியத்தில் வித்தை காட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றும். தனிப் பாட்டு என்று பார்த்தால் முதல் ஆல்பம்தான் ஒரு படி மேல். ஆனாலும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். காரணம் 1980 என்ற வருஷம்.

அந்த வருஷம் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் ஆட்சியில் பிள்ளைக்கு பாஸ்க் பெயர் வைத்தால் பதிவேட்டில் ஏற்ற மாட்டார்கள். பாஸ்க் மொழியில் பாடம் சொல்லும் இகஸ்தோலா என்ற பள்ளிகள் வீடுகளிலும் தேவாலய அறைகளிலும் கமுக்கமாக நடந்தன. 1979-ல் தன்னாட்சிச் சட்டம் வந்து மொழிக்கு அரசு அந்தஸ்து கிடைத்தது. 1980 மார்ச்சில் முதல் பாஸ்க் நாடாளுமன்றத் தேர்தல். பாஸ்க் மொழியில் தொலைக்காட்சி இன்னும் தொடங்கவில்லை, அது வந்தது 1982-ன் கடைசி நாளில். தனி நாடு கேட்டு ஆயுதம் எடுத்த எத்தா அமைப்பின் வன்முறை உச்சத்தில் இருந்ததும் 1980-லேயே. அந்த ஒரே வருஷத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இன்னொரு பக்கம் போலீஸ் தடுப்புகள், சித்திரவதைப் புகார்கள், சுவர் முழுக்க கைதிகளின் பெயர்கள். லெமோய்ஸில் பாதி கட்டிய அணுமின் நிலையம். முத்ரிக்குவுக்குப் பக்கத்து ஊரான தேபாவிலும் ஒன்று கட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். மக்கள் எதிர்த்ததில் அது எழும்பவில்லை.

இன்னும் கிட்டத்தில் ஒன்று. முத்ரிக்குவுக்கும் ஒந்தாரோவாவுக்கும் நடுவில் சாத்துர்ராரான் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. கோடையில் குடும்பம் குடும்பமாகக் குளிக்க வரும் இடம். 1938 முதல் 1944 வரை அங்கே பெண்கள் சிறை இருந்தது. ஸ்பெயின் முழுவதிலிருந்தும், உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவை எதிர்த்த குடியரசுத் தரப்புப் பெண்களைக் கைக்குழந்தைகளோடு கொண்டுவந்து அடைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களும் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளும் அங்கேயே இறந்தார்கள். குழுவின் பையன்கள் பிறந்து வளர்ந்தது அந்தக் கடற்கரையின் இரண்டு பக்கங்களிலும்.

இப்படிப்பட்ட ஊரில், இப்படிப்பட்ட வருஷத்தில் பாஸ்க் மொழியில் பாட வருகிறவனிடம் எல்லோரும் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு முந்திய தலைமுறை அந்த வேலையை மிக உயரத்தில் செய்து வைத்திருந்தது. 1966-ல் தொடங்கிய 'எஸ் தோக் அமைரு' இயக்கத்தில் மிக்கேல் லபோவா, பெனித்தோ லெர்ச்சுந்தி, லூர்தெஸ் இரியோந்தோ போன்றவர்கள் கிதாரும் கவிதையுமாக ஊர் ஊராகப் போனார்கள். பாட்டைத் தணிக்கை அதிகாரியிடம் கொடுத்து முத்திரை வாங்கிப் பாடிய காலம். அங்கே பாஸ்க் மொழியில் வாயைத் திறப்பதே ஓர் அறிவிப்பு.

எழுபதுகளின் கடைசியில் ராக் பக்கம் போன இளைஞர்களும் அந்த எதிர்பார்ப்பின் கீழேதான் இருந்தார்கள். பிரான்ஸ் பக்கத்து பாஸ்க் நாட்டிலிருந்து எர்ரோபி, இந்தப் பக்கம் என்போர், அய்செயா என்று நாலைந்து குழுக்கள் நாட்டுப்புற மெட்டையும் நீள ராக்கையும் கலந்து பார்த்தன. எல்லாமே நல்ல இசைதான். அய்செயாவில் பாடும் அமையா சுபிரியாவின் குரலுக்காகவே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் அவற்றில் மண், முன்னோர், பழைய பாலட் என்று ஏதோ ஒரு வகையில் நாடு உள்ளே வந்துவிடும். 'எசேக்கியேல்' அந்த வாடகையைக் கட்டவில்லை. ஒரு சின்னப் பையன் கூட்டம் தன் தாய்மொழியில், யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லாத ஒரு கற்பனைக் கதையை, ரொம்ப ஆடம்பரமாக, ரொம்பப் பெரிதாக யோசித்திருக்கிறது. இங்கிலாந்துப் பையன்களுக்கு அந்த அலட்டல் சும்மா கிடைத்தது. பாஸ்க் பையன்களுக்கு அது கிடைக்காத ஒன்று. மொழியைக் காப்பாற்றுவதற்காகப் பாடாமல், பாடுவதற்கு மொழி கையில் இருக்கிறது என்பதற்காகப் பாடுவது. எனக்கு இதைவிடப் பெரிய துணிச்சல் அந்த வருஷத்தில் வேறு தெரியவில்லை.

இதை அப்போது எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் புரிகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் பங்க் வந்து சேர்ந்தது. பில்பாவோ ஆற்றங்கரையில் உருக்காலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் மூடத் தொடங்கியிருந்தன. 1984-ல் எவுஸ்கல்துனா கப்பல் தளத்துத் தொழிலாளர்கள் போலீஸோடு தெருவில் மோதினார்கள். வேலை இல்லை, ஹெராயின் இருந்தது. சந்துர்ச்சியிலிருந்து எஸ்கொர்புத்தோ, இருனிலிருந்து கொர்த்தாத்து, கஸ்தேயிஸிலிருந்து எர்ட்சைனாக் என்று பங்க் குழுக்கள் கிளம்பின. புல்லாங்குழலுக்கெல்லாம் அங்கே இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோபக்காரப் பையன்களில் பலர் ஸ்பானிய மொழியில்தான் பாடினார்கள், அவர்களுக்கு வந்தது அதுதான். கொர்த்தாத்துவின் ஃபெர்மின் முகுருசா பாஸ்க் மொழியைப் பெரியவனான பிறகு கற்றுக்கொண்டு 1988-ல் கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தை முழுக்க அந்த மொழியில் போட்டார். அடுத்து நெகு கொர்ரியாக் என்ற குழுவைத் தொடங்கி அதிலிருந்து பின்வாங்கவே இல்லை. இத்தோய்ஸும் சும்மா இருக்கவில்லை. 1982-லிருந்து பாட்டு சுருங்கி, கிதார் பளிச்சென்று ஆகி, பாப் பக்கம் வந்துவிட்டார்கள். 1988-ல் கலைந்தபோது நாடு முழுக்கத் தெரிந்த பெயர். அவர்களோடு வாசித்த கிதார் கலைஞர் ஜான்-மரி எகாய் பிறகு பாரிஸ் போய் அமெரிக்க டிரம்மர் பில்லி காபமோடு ஜாஸ் வாசிக்கிற அளவுக்கு வளர்ந்தார்.

சரி, பழைய கதை போதும்.

அந்த நண்பருக்கு ஒரு மகள். பத்தொன்பது வயது. அவளும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள், பெயர் வேண்டாம். அவர்கள் இப்போது ஒரு கான்செப்ட் ஆல்பம் செய்துகொண்டிருக்கிறார்கள். "அப்பாவோட தட்டைக் கேட்டுத்தானே?" என்று கேட்டதற்கு அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்பா கேக்கறதால நான் அதைக் கேக்கறதே இல்லை" என்றாள். நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்குப் போயிருந்தேன். ஊரின் கஸ்தேச்சே, அதாவது இளைஞர்கள் தாங்களே எடுத்து நடத்தும் கட்டடம். ஒரு காலத்தில் நெத்திலிக் கருவாடு பதப்படுத்திய இடம். கீழ்த்தளத்தில் ஓர் அறை. மணி நேரக் கணக்கில் குழுக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, அட்டவணை கதவில் ஒட்டியிருக்கிறது, கடைசியில் போகிறவர் பெருக்க வேண்டும். அந்தக் கரையில் தூறல் நிற்கவே நிற்காது. கிதார் தந்தி இரண்டு வாரத்தில் துருப்பிடித்துவிடும். அதற்காக மூலையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பதிவு செய்யும்போது மட்டும் அதை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் அதன் ரீங்காரம் மைக்கில் விழும். நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அறையில் ஈரம் மறுபடி ஏறிவிடும். ஆக ஒவ்வொரு டேக்கும் ஒரு ஓட்டப் பந்தயம். டிரம்மர் பையன் மெஷினின் தண்ணீர்த் தட்டைக் கொண்டுபோய் வாசலில் கொட்டிவிட்டு வந்து "இப்ப" என்பான், உடனே தொடங்குவார்கள்.

சுவரில் எட்டுத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. இதுதான் ஆல்பம். ஜூலையில் ஊர்த் திருவிழா, அதில் ஒரே ஒரு ராத்திரி, மணிக்கு ஒரு பாட்டு. விடிய விடிய வீடு திரும்பாமல் இருப்பது அங்கே பிள்ளைகள் பெரியவர்களாவதன் ஒரு சடங்கு மாதிரி. பதினொரு மணிக்குத் துறைமுகத்தில் வாணவேடிக்கை. பன்னிரண்டுக்கு அப்பாவிடமிருந்து போன். ஒரு மணிக்கு, சங்கங்கள் திருவிழாவுக்காக மரப்பலகையில் போடும் சொஸ்னாக் கடையில் வரிசை. இரண்டுக்குச் சண்டை. மூன்றுக்குத் தோழியைக் காணோம், போனில் சார்ஜ் இல்லை. ஐந்துக்கு மழை. ஆறுக்கு ரொட்டிக் கடை ஷட்டர் ஏறுகிறது.

"நாலு?" என்றேன். அந்தக் காகிதம் வெறுமையாக இருந்தது.

"நாலு மணிக்கு ஒண்ணும் நடக்காது" என்றான் டிரம்மர். யோசித்துப் பார்த்தால் சரிதான். திருவிழா ராத்திரியில் நாலு மணி என்பது யாருக்கும் ஞாபகமில்லாத நேரம். அதனால் அந்தப் பாட்டில் வார்த்தையே இல்லை. பேஸும் டிரம்ஸும் மட்டும் ஒரே சுற்றில் நாலு நிமிஷம் ஓடும். கீபோர்டு வாசிக்கும் பெண் ஒரே ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு நின்றிருப்பாள். எட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

அவள் பாட்டு எழுதும் விதமும் எனக்குப் புதிதாக இருந்தது. பள்ளி நாட்களில் பெர்சோ வகுப்புக்குப் போனவள். பெர்சோ என்பது அங்கே மேடையில் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவது. ஒருவர் விஷயத்தைச் சொல்வார், சந்தத்தையும் சொல்வார். சில நொடிகள் மௌனம். பிறகு பாடகர் தொடங்கிவிடுவார், இயைபு பிசகாது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்றைப் பார்க்க ஒரு பெரிய அரங்கில் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம் வரும், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். மயாலென் லுஹான்பியோ 2009-ல் அதை ஜெயித்த முதல் பெண். 2017-லும் 2022-லும் திரும்ப ஜெயித்தார். நம் காது வரியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடும், அவர்களுக்கு எல்லாக் கணக்கும் வரிக் கடைசியில். ஒரே இயைபுச் சொல்லை அதே பொருளில் இரண்டாவது முறை போட்டால் அதற்குப் பெயர் 'போத்தோ', மதிப்பெண் போய்விடும்.

அந்த வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது, முடிவை முதலில் யோசி என்பதுதானாம். கடைசி வரியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, அதை நோக்கி மற்ற வரிகளைக் கட்ட வேண்டும். அவள் ஆல்பத்தையும் அப்படியே கட்டியிருக்கிறாள். ஆறு மணி ரொட்டிக் கடைப் பாட்டுதான் முதலில் எழுதியது. கடைக்காரர் "ராத்திரி எப்படி?" என்று கேட்கிறார். "சும்மா" என்கிறாள். அந்த 'சும்மா'வை அடைவதற்காக மற்ற ஏழு மணி நேரத்தையும் பின்னாலிருந்து முன்னாலாக எழுதிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஊரில் இதற்கு வரவேற்பு கலவையாகத்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் துறைமுகத்து பாரில் நண்பரின் சிநேகிதர்கள் இரண்டு மூன்று பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் டிராலரில் அயர்லாந்து வரை போய் வந்தவர், இளமையில் லெமோய்ஸ் ஊர்வலத்தில் அடி வாங்கியவர். பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு, கண்ணு. ஆனா இதுல நம்ம நாடு எங்க? நம்ம மொழி எங்க?"

"மொழியிலதான் பாடறேனே, மாமா."

அவர் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாஸ்க் பேசுபவர்கள் எல்லா எல்லைகளையும் சேர்த்து எட்டு லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். மதுரை நகரத்து ஜனத்தொகையை விடக் குறைவு. அவர் பிள்ளையாக இருந்தபோது பள்ளியில் அந்த மொழி பேசினால் அடி. அப்படிக் கிடைத்த ஒன்றை போன் சார்ஜ் தீர்ந்ததைப் பற்றிப் பாடுவதற்கா செலவழிப்பது என்று அவருக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. அவளுக்கோ அது சேமித்து வைத்த பணம் இல்லை. அவள் நடக்கும்போதும் கனவு காணும்போதும் திட்டும்போதும் வருவது. நான் அவள் கட்சி. 1980-ல் பெரெஸ் செய்ததும் இதேதான் என்று சொல்ல வாயெடுத்து, அப்பாவின் தட்டு ஞாபகம் வரக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

சின்ன மொழியில் பெரிய ஆல்பம் போடுவதில் ஒரு வசதியும் இருக்கிறது, யாரும் இதைப் பேசுவதில்லை. சந்தை சின்னது, ஹிட் ஆனாலும் கோடீஸ்வரன் ஆக முடியாது. அதனால் ஹிட்டுக்காக வளைந்துகொடுக்கும் கட்டாயமும் குறைவு. லெகும்பெர்ரி என்ற சிற்றூரில் தொடங்கிய பெர்ரி சார்ராக் மூன்றே பேர் கொண்ட குழு. 2009-ல் ஓர் ஆல்பத்தை சிகாகோவில் ஸ்டீவ் அல்பினி என்ற பேர்பெற்ற ஒலிப்பதிவாளரிடம் போய்ப் பதிவு செய்தார்கள், பாஸ்க் மொழியிலேயே. 2014-ல் குழுவுக்கு இருபது வயது ஆனபோது இருபது பாட்டை மூன்று தட்டாகப் பிரித்து, ஒவ்வொரு தட்டையும் ஒவ்வொரு தயாரிப்பாளரிடம் கொடுத்தார்கள். கதை எதுவும் இல்லை, ஒரே குழு மூன்று காதுகளில் எப்படிக் கேட்கும் என்பதுதான் அதன் கான்செப்ட். 2019-ல் பாம்ப்லோனாவின் பெரிய அரங்கில் விடைபெற்றபோது அரங்கு நிரம்பி வழிந்தது. சந்தைக் கணக்கு போட்டிருந்தால் மூன்று தட்டு யோசனையை முதல் மீட்டிங்கிலேயே தூக்கிப் போட்டிருப்பார்கள்.

அப்புறம் அங்கே துராங்கோ சந்தை இருக்கிறது. 1965-லிருந்து வருஷா வருஷம் டிசம்பர் முதல் வாரத்தையொட்டி நடக்கும் பாஸ்க் புத்தக, இசைத்தட்டுச் சந்தை. புது ஆல்பம் எல்லாம் அந்தத் தேதியை மனதில் வைத்துத்தான் தயாராகும். மக்கள் குடும்பத்தோடு வந்து பை நிறைய வாங்கிப்போகிறார்கள், குழுவே மேஜைக்குப் பின்னால் நின்று விற்கிறது. நம் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு அந்த நெரிசல் உடனே பிடிபடும். இந்த நாலு பேருக்கும் அந்த டிசம்பர்தான் இலக்கு. கோடையில் மூன்று ஊர்களில் சொஸ்னாக் கடையில் பீர் ஊற்றிச் சம்பாதித்த பணமும், முன்பதிவு செய்த தெரிந்தவர்கள் கொடுத்ததும் கையிருப்பு. முந்நூறு தட்டு அச்சடிக்கக் காணும்.

தட்டுதான் வேண்டும் என்பதில் அவள் பிடிவாதம். ஸ்ட்ரீமிங்கில் போட்டால் எவனாவது ஆறு மணிப் பாட்டை முதலில் கேட்டுவிடுவான் என்பது அவள் வாதம். தட்டு என்றால் ஊசியை எடுத்து வைக்கச் சோம்பல்பட்டாவது வரிசையாகக் கேட்பான். பாதியில் எழுந்து திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியும் ராத்திரியின் ஒரு பகுதி.

சிக்கல் அங்கேதான். எட்டுப் பாட்டும் சேர்ந்து ஐம்பத்துமூன்று நிமிஷம். ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம் வரை தாராளமாகப் போகலாம். அதற்கு மேல் திணித்தால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறைந்துவிடும், நடுத்துளையை நெருங்க நெருங்க மேல்சுருதி மங்கும். வாணவேடிக்கையில் தொடங்கும் தட்டு கிசுகிசுவென்று ஒலித்தால் நன்றாகவா இருக்கும்? இரண்டு தட்டாகப் போடப் பணமில்லை. ஆக ஒன்பது நிமிஷத்தை வெட்ட வேண்டும். இரண்டு மணிச் சண்டைப் பாட்டு சரியாக ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போனால் கணக்கு உதைக்கும், எட்டு மணி நேர ராத்திரியில் ஒரு மணி நேரத்தைக் காணோம் என்று கேட்கிறவன் கேட்பான்.

இதற்கு வழி சொன்னது டிரம்மர் பையன், தண்ணீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு விடியற்காலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். ஸ்பெயினில் அன்றைக்கு இரண்டு மணி அடிக்க வேண்டிய நேரத்தில் மூன்று ஆகிவிடும். இரண்டு என்ற மணி நேரமே அந்த ராத்திரியில் கிடையாது. கதையை அந்த ராத்திரிக்கு மாற்றிவிட்டால் ஏழே பாட்டு, கணக்கும் சரி, தட்டிலும் அடங்கும், சண்டை ஏன் பாட்டில் இல்லை என்பதற்குக் காரணமும் கிடைத்துவிடும்.

அவளுக்கு அது பிடித்துப்போனது, முகத்திலேயே தெரிந்தது. பேஸ் வாசிக்கும் பையன்தான் ஒப்பவில்லை. திருவிழா ஜூலையில், மார்ச்சில் எவன் துறைமுகத்தில் வாணவேடிக்கை விடுவான், சொஸ்னாவுக்கு எங்கே போவது, மூன்று பாட்டைத் திரும்ப எழுத வேண்டும், டிசம்பருக்கு எப்படி முடிப்பது என்று அடுக்கிக்கொண்டே போனான். நான் கிளம்பும்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். போன வாரம் நண்பர் அனுப்பிய செய்தியில், வாணவேடிக்கையை மட்டும் புயல் இடியாக மாற்றிப் பார்க்கிறார்கள் என்று இருந்தது. பேஸ் பையன் இன்னும் இறங்கி வரவில்லையாம்.